ஐத்தப்பனின் வேண்டுதல் கஞ்சி

பூவப்பர் கயிற்றை இரண்டாவது முறை சுற்றப் பார்த்தார். முனை வந்து சேரவில்லை.

"மூச்சை உள்ள இழு, ஐத்தா."

"இழுத்தாச்சு."

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும் இழுத்தா வசனம் பேச மூச்சுக்கு எங்க போறது, பூவப்பண்ணா?"

பூவப்பர் ஒரு சுற்றோடு முடிச்சுப் போட்டு, மேலே பட்டுத் துணியைச் சுற்றி மறைத்தார். எங்கள் யட்சகானக் கூத்துக் குழுவில் வேஷம் கட்டிவிடுவது அவர் வேலை. அபிமன்யுவுக்கு இடுப்புக் கயிறு இரண்டு சுற்று. மார்க்கவசமும் மற்ற அணிகளும் அதன் பலத்தில்தான் நிற்கும். ஒரு சுற்றுக் கயிறு கிழட்டு அரசர்களுக்கு. அவர்கள் குதிப்பதில்லை.

அன்று அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். பத்தநாஜெ. அன்றைக்குச் சலங்கையை அவிழ்த்து அம்மன் முன்னால் வைத்தால், மழை முடிந்து தீபாவளி தாண்டும்வரை ஆட்டம் கிடையாது. ஐத்தப்பன் அபிமன்யுவாக மேடை ஏறினான். நான் மத்தளம். மண்டி எடுத்தான். இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றிப் பம்பரமாகச் சுழன்றபடியே மேடையை ஒரு வட்டம் வருவதுதான் மண்டி. ஐத்தப்பனின் மண்டி என்றால் சொந்த ஊர் ஆட்டத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அன்றைக்குப் பாதி வட்டத்தில் அவனுடைய இடது கை தரையில் ஊன்றியது.

யாரும் கூவவில்லை, சிரிக்கவுமில்லை. முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். ஐத்தப்பன் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வயது நாற்பத்தேழு. கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன். வலை இழுத்து வந்த தோள். பதினேழு வயதில் குழுவில் சேர்ந்தபோது கோமாளிக்குப் பின்னால் குடை பிடித்தான். பிறகு குதிக்கத் தொடங்கினான். அப்புறம் இறங்கவில்லை. கல்யாணம் கூட மழைக்காலத்தில்தான். நானும் அவனும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். என் பெயர் லோகையா. அவனுக்கு மட்டும் லோகு.

அடுத்த பருவம் தொடங்கும் முன் குழு முதலாளி மோனப்ப ஷெட்டர் எங்களைக் கூப்பிட்டு வேஷங்களைச் சொன்னார்.

"அபிமன்யு இந்த வருஷம் தன்ராஜுக்கு. ஐத்தப்பா, உனக்கு துரோணர்."

தன்ராஜுக்கு இருபத்துநாலு வயது. நல்ல கால், நல்ல வாயும் கூட. "துரோணருக்குத் தாடி நீளம், அண்ணா. வயிறு வரைக்கும் மறைக்கும்" என்றான்.

ஐத்தப்பன் அவனைப் பார்க்கவில்லை. "ஷெட்ரே, இது எப்போ வரைக்கும்?"

"ஜனங்க உன் கையைப் பார்த்துட்டாங்கப்பா. நான் என்ன பண்ண?"

"கை மறுபடி படலேன்னா?"

ஷெட்டர் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "பத்தநாஜெ அன்னிக்கு அபிமன்யு நீ கட்டு. சுத்தி வந்துட்டேன்னா வேஷம் உன்னோடது. இல்லேன்னா தாடியே நிரந்தரம்."

எங்கள் பிழைப்பு பஸ்ஸும் இலையும். ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸில் ஏறித் தூங்குவோம். கண்விழிக்கும்போது வேறு ஊர். டீ, உருண்டையாகப் பொரித்த கோலிபஜ்ஜி, மறுபடி தூக்கம். சாயங்காலம் வேஷம் கட்டும் முன் ஆட்டம் வைத்த வீட்டில் விருந்து. ஆட்டம் வைப்பது வேண்டுதல். பிள்ளை பிறந்ததற்கு, வழக்கு ஜெயித்ததற்கு, மாடு பிழைத்ததற்கு. வருஷக்கணக்காகக் காத்திருந்து தேதி வாங்குகிறவர்கள், அம்மனோடு வருகிற எங்களைச் சும்மா விடுவார்களா? இலையில் மிச்சம் வைத்தால் வேண்டுதலில் மிச்சம் வைத்த மாதிரி. சாப்பிட்டால் உடம்பு போச்சு, சாப்பிடாவிட்டால் பேர் போச்சு. இப்படியே முப்பது வருஷம். குழுவில் வயிறு இல்லாதவர் அம்மன் மட்டும்தான்.

ஐத்தப்பன் முதலில் பஸ்ஸை விட்டான். பழைய நாளில் குழு நடந்தே போகும், பெட்டி தலையில் வரும் என்று எங்கள் பாகவதர் பாட்டுக்கு நடுவில் சொல்வதுண்டு. அவன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான் போல. அடுத்த ஊருக்கு முந்தின ஆற்றுப் பாலம் வந்ததும் டிரைவரை நிறுத்தச் சொல்வான். துணிப்பையோடு இறங்கி, பாக்குத் தோட்ட வழியாக நடந்து வருவான்.

"ஐத்தண்ணா, ஊர் இன்னும் வரலை" என்று தன்ராஜ் ஜன்னல் வழியாகக் கத்துவான்.

"அதுக்கு என்னைப் பார்க்கணுமாம். நான் போய் கூட்டிட்டு வர்றேன்."

பையில் ஒரு அலுமினியச் சட்டி, சிவப்புப் புழுங்கலரிசி, கொள்ளு, உப்பில் ஊறிய மாங்காய். மேடைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து மத்தியானமே கஞ்சி காய்ச்சிக் குடித்துவிடுவான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. இதற்கு வைத்தியர் தேவையில்லை. பஸ் டீக்கடையில் நின்றால் மற்றவர்கள் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி நிற்பார்கள். அவன் இளநீர்க்காரரிடம் வழுக்கை இல்லாத காயாகக் கேட்டுக்கொண்டிருப்பான்.

விருந்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பரிமாறுகிறவர் நகர்ந்ததும் அவன் இலைப் போளி என் இலைக்கு வரும். பாயசக் கிண்ணம் வரும். அப்பளம் கூட வரும். நான் சின்ன வயசிலேயே எதையும் வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். அவன் இளைக்க இளைக்க நான் பெருத்தேன். மார்கழி முடிவதற்குள் மத்தளத்துக்கும் எனக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவன் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது.

கார்க்களத்துக்கு உள்ளே ஒரு பெரிய வீட்டில் அது பிடிபட்டது. வீட்டு அம்மாள் கிரிஜக்கா. நெய்ச்செம்போடு பந்தியின் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லோகண்ணா, உங்க இலைல போளி குட்டி போடுதா?"

பந்தி மொத்தமும் திரும்பியது. நான் வாயில் இருந்ததை விழுங்கினேன். அவள் ஐத்தப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுப் போளி துரோணாச்சாரியாருக்கு இறங்காதா?"

"அப்படி இல்லக்கா."

"பொண்ணுக்குக் குழந்தை தங்கணும்னு ஆறு வருஷம் காத்திருந்து வைக்கிற ஆட்டம். இலையை நீட்டு."

நெய்ச்செம்பு சாய்ந்தது. ஐத்தப்பன் இலைமேல் கையை வைத்து மூடினான்.

"வேண்டுதல் இருக்கு, அக்கா."

செம்பு அந்தரத்தில் நின்றது. எங்கள் பக்கம் இந்த ஒரு சொல்லுக்கு வண்டி நிற்கும், சண்டை நிற்கும். கிரிஜக்கா செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைத் தோளில் இழுத்துக்கொண்டாள். குரல் மாறிவிட்டது.

"எந்த அம்மனுக்கு?"

"நம்ம குழு அம்மனுக்குத்தான்."

"என்னன்னு?"

அவன் யோசித்ததாகவே தெரியவில்லை. "பத்தநாஜெ அன்னிக்கு அவ முன்னாடி மண்டில முழு வட்டம் வரணும். கை தரைல படக்கூடாது. அது வரைக்கும் கஞ்சியும் கொள்ளும்தான்."

கிரிஜக்கா இரண்டு கையையும் கூப்பினாள். அவளே போளியை எடுத்து என் இலையில் வைத்தாள்.

மறுநாள் பாலத்தருகே அவனோடு நானும் இறங்கினேன். "எப்போடா வேண்டிக்கிட்ட?"

"நேத்து."

"எங்க?"

"பந்தில. நெய் சாயறப்போ."

"அம்மன் பேர்ல பொய்யா, ஐத்தா?"

அவன் பையைத் தோள் மாற்றிக்கொண்டான். வேகமாக நடந்தான். அவனுக்கு ஈடு கொடுக்க எனக்கு மூச்சு வாங்கியது. போளிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

செய்தி எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஓடியது. அடுத்த ஊரில் இறங்கும்போதே ஒரு வீட்டுக்காரர் பித்தளைப் பானையில் கஞ்சியோடு நின்றார். அதற்கடுத்த ஊரில் கஞ்சியில் தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தார்கள், அம்மன் வேண்டுதலாயிற்றே என்று. இன்னொரு ஊரில் வெல்லம், முந்திரி, மேலே ஒரு குழிக்கரண்டி நெய். பாயசத்துக்குக் கஞ்சி என்று பேர் வைத்த மாதிரி இருந்தது. ஐத்தப்பன் கையெடுத்துக் கும்பிட்டு, நெய் ஆகாது என்று ஒரு விதி சொன்னான். அந்த விதியும் முன்னால் ஓடியது. பிறகு தேங்காய் ஆகாது. பிறகு வெல்லம். மூடுபித்ரி பக்கத்தில் ஒரு கிழவர் கொள்ளு கறுப்பா, சிவப்பா என்று கேட்டு ஆள் அனுப்பினார். கொள்ளு போதும், நிறம் அம்மன் இஷ்டம் என்று சொல்லி அனுப்பினோம். வழியில் யாரும் அவனுக்கு டீ கூட வாங்கித் தரவில்லை. ஊரே அவன் வாய்க்குக் காவல் நின்றது.

நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். புத்தூர்ப் பக்கத்தில் ஒரு பெண் வரும்வரை. மேடைக்குப் பின்னால் வந்து தயங்கி நின்றாள்.

"என் வீட்டுக்காரர் பாக்கு மரத்துலேருந்து விழுந்து முட்டி போயிடுச்சு, அண்ணா. கம்பு ஊணித்தான் நடக்கறார். நீங்க சுத்தறப்போ அவரையும் நெனச்சுக்கணும்."

"நெனச்சுக்கறேன்" என்றான். அவள் போனபிறகு சட்டியைக் கழுவினான். கழுவின சட்டியை மறுபடி கழுவினான். அதற்குப் பிறகு வேண்டுதலைப் பற்றி அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஷெட்டர் ஒருநாள் பஸ்ஸில் அவனை முன்சீட்டுக்குக் கூப்பிட்டார்.

"லோகையா எல்லாத்தையும் சொல்லிட்டான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கேட்டால் சொல்லிவிடுகிற வாய் எனக்கு.

"அம்மன் பேர்ல பொய் சொன்னியா?"

"பொய்யாத்தான் இருந்துச்சு, ஷெட்ரே. இப்போ இல்ல."

"நாம வேண்டுதலை வச்சுத்தான் சோறு திங்கறோம். தெரியும்ல? அன்னிக்கு உன் கை தரைல பட்டா துரோணர் வேஷமும் இல்ல. வேண்டுதல் உடைச்ச ஆளை மேடை ஏத்தினா எனக்கு எவன் ஆட்டம் குடுப்பான்?"

"சரி."

"சரின்னா? வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"படாது, ஷெட்ரே."

சொல்லிவிட்டு எழுந்து டிரைவரிடம் நிறுத்தச் சொன்னான். பாலம் வர இன்னும் தூரம் இருந்தது.

தை, மாசியில் வயல்கள் அறுத்துக் கிடக்கும். ஆட்டமும் வயலில்தான். மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது அவன் முழங்காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு காய்ந்த வயலில் சுற்றுவான். நான் கவிழ்த்த சட்டியில் தாளம் போடுவேன். முதலில் இரண்டு சுழற்சி, பிறகு உட்கார்ந்துவிடுவான். முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுபடி. பங்குனியில் சாக்கைக் கழற்றினான். பூவப்பர் அவ்வப்போது கயிற்றோடு வந்து, "சும்மா கட்டிப் பார்க்கலாம்" என்பார். முனைக்கும் முனைக்கும் நடுவே ஒரு சாண். அப்புறம் நாலு விரல். ஒருநாள் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டன. முடிச்சுக்கு மட்டும் இடமில்லை. பூவப்பர் அந்தக் கயிற்றை ஏதோ தங்கச் சங்கிலி மாதிரி மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் ஆட்டத்தில் பாட்டு எழுதியது, பேச்சு எழுதாதது. மேடையில் நின்று அவரவர் தைரியத்துக்குத் தகுந்தபடி பேசிக்கொள்ள வேண்டும். ஒரு ஆட்டத்தில் அபிமன்யுவாக நின்ற தன்ராஜ், துரோணராக வந்த ஐத்தப்பனை மேலும் கீழும் பார்த்தான்.

"ஆசாரியரே, கொள்ளு தின்றால் குதிரையாகலாம். குருவாக முடியுமா?"

வயல் முழுக்கச் சிரித்தது. ஐத்தப்பன் தாடியை நீவிக்கொண்டான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான்.

"மகனே, நீ ஏறி நிற்கிற ரதத்தை யார் இழுத்து வந்தது? மறந்துவிடாதே. குதிரை நின்றால் நீ நடக்க வேண்டும். நடந்து பழக்கம் உண்டா உனக்கு?"

இந்த முறை சிரிப்பு அடங்கவே இல்லை. பாகவதர் பாட்டை எடுக்க முடியாமல் ஜால்ராவை மடியில் வைத்துவிட்டார். உள்ளே வந்ததும் தன்ராஜ் கிரீடத்தைக் கழற்றிவிட்டு, "நல்லாக் குடுத்தீங்க, அண்ணா" என்றான். அவனுக்கு அதில் கோபம் இல்லை. வாய் உள்ளவனுக்கு வாயின் அருமை தெரியும்.

பத்தநாஜெ வந்தது. கோவில் முற்றத்தில் ஆட்டம். மத்தியானத்திலேயே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. கஞ்சிப் பானையோடு நின்ற முகங்கள் எல்லாம் வந்திருந்தன. கம்பு ஊன்றிய ஒருவரை அவர் மனைவி நிழல் பார்த்து உட்கார வைத்தாள்.

கோவிலில் அன்னப் பிரசாதம். பந்தியில் உட்கார்ந்தபோது ஐத்தப்பன் பையைத் திறந்து சட்டியை எடுத்தான். பாயச வாளியோடு வந்தது கிரிஜக்கா. பரிமாறுவதற்கென்றே அதிகாலை பஸ்ஸில் வந்திருந்தாள்.

"சட்டியை உள்ள வை."

"அக்கா, வேண்டுதல்..."

"யாருக்கு வேண்டிக்கிட்ட?"

"அம்மனுக்கு."

"இது யார் சோறு?"

ஐத்தப்பன் வாளியைப் பார்த்தான், கருவறைப் பக்கம் பார்த்தான். விதிகளை அவனே வளர்த்திருந்தான். இந்த ஒன்றுக்கு மட்டும் விதி செய்ய மறந்திருந்தான். எதிர்ப்பந்தியில் ஷெட்டர் சாப்பாட்டில் கையை வைத்தபடியே உறைந்திருந்தார். என் காதோரம் பூவப்பர், "இப்போ பாயசம் குடிச்சா கயிறு என்ன ஆகறது?" என்றார்.

"அம்மனே போடறப்போ வேணாம்னு சொல்ல நான் யாரு?" என்று ஐத்தப்பன் இலையை இழுத்து நேராகப் போட்டுக்கொண்டான். "ஊத்துங்க."

கார்த்திகையிலிருந்து இனிப்பைத் தொடாத மனிதன் குடிக்கிற மாதிரி குடித்தான். உள்ளங்கையை வழித்தான். இன்னொரு கரண்டி கேட்டான். போளியையும் கேட்டான். நான் பழக்க தோஷத்தில் என் இலையை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் அதைக் கையால் தள்ளிவிட்டான்.

"இது என்னோடது, லோகு."

சாயங்காலம் கொட்டகையில் வேஷம் கட்டத் தொடங்கினார்கள். பூவப்பர் கயிற்றைச் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டாவது வந்தது. முனையைப் பிடித்து இழுத்தார். முடிச்சு விழுந்தது. மேலும் கொஞ்சம் தொங்கியது. அவர் அதை உள்ளே செருகினார். தன்ராஜ் அன்றைக்குத் துரோணர். "எப்படிண்ணா வருஷம் பூரா இதைக் கட்டிட்டு இருந்தீங்க? அரிக்குது" என்று தாடியைச் சொறிந்துகொண்டிருந்தான்.

மேற்கே மேகம் கட்டியிருந்தது. புழுக்கம். ஐத்தப்பன் மேடை நடுவில் அம்மனைப் பார்த்து முழங்காலை ஊன்றினான். பாகவதர் பாட்டை எடுத்தார். நான் மத்தளத்தில் கை வைத்தேன். எனக்கு அவன் முட்டி தெரியும், வயசு தெரியும், அன்றைய பாயசம் தெரியும். தாளத்தைக் கொஞ்சம் மெதுவாக எடுத்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அவன் சுழன்றபடியே குரல் கொடுத்தான், அபிமன்யுவாக.

"சாரதி! குதிரைகள் தூங்குகின்றனவா? கஞ்சி குடித்தது நான்தானே?"

முற்றம் அதிர்ந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அன்றைக்கு அதை வாசித்தவனுக்கும். நான் வேகத்தைக் கூட்டினேன். போதவில்லை என்று கையசைத்தான். மேலும் கூட்டினேன். என் வயிறு மத்தளத்தில் இடித்தது, எனக்கு மூச்சு முட்டியது. அவன் சுழன்றான். கிரீடம் ஒரு ஒளிவட்டமாகத் தெரிந்தது. போன வருஷம் கை ஊன்றிய இடம் வந்தது. சனங்களுக்கும் அந்த இடம் தெரிந்திருந்தது. ஒரு குழந்தை கூட அழவில்லை. அவன் இடது கை கீழே போவதுபோல வந்து, முத்திரையாக விரிந்து, மேலே ஏறியது.

தாண்டிவிட்டான். அப்புறம் அவன் சுற்றியதை நான் பார்க்கவில்லை. கண்ணில் வியர்வை. சலங்கைச் சத்தத்தை வைத்தே வாசித்தேன். சத்தம் வலப்புறம் போய், பின்னால் போய், இடப்புறம் வந்து, அம்மனுக்கு நேராக நின்றது. அவன் எழுந்தான். எழுவதற்கும் கையை ஊன்றவில்லை. எழுந்த வேகத்தில் ஒரு குதியும் போட்டான். அது வேண்டுதலில் இல்லாதது.

சத்தம் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. துரோணராக நின்ற தன்ராஜுக்குப் பேச வேண்டிய இடம். அவன் தாடியைப் பிடித்தபடி ஐத்தப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"குழந்தாய், என் படையே உன்னைப் பார்த்து நிற்கிறது. உன்னை வளர்த்தது எந்தக் கஞ்சி?"

ஐத்தப்பன் கூட்டத்தைப் பார்த்தான். அவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை.

"ஒரு வீட்டுக் கஞ்சி இல்லை, ஆசாரியரே. கார்க்களத்துக் கஞ்சி, மூடுபித்ரிக் கஞ்சி, புத்தூர்க் கஞ்சி. எங்கே போனாலும் பானையோடு நின்றார்கள். இத்தனை வீட்டு அடுப்பு என் பக்கம் இருக்கிறது. உங்கள் வியூகத்தில் எத்தனை வாசல்?"

கிரிஜக்கா எழுந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்தவர்கள் அவளை உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவள் உட்காரவில்லை. கம்பு ஊன்றியவர் கம்பைத் தூக்கி ஆட்டினார். அவர் மனைவி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து சலங்கைகளை அவிழ்த்து அம்மன் முன்னால் வைத்தோம். முதல் தூறல் விழுந்தது. கொட்டகையில் ஷெட்டர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"அடுத்த வருஷம் அபிமன்யு ஐத்தப்பன். இப்பவே ஏழு பேர் ஆட்டம் கேட்டுட்டாங்க."

"எனக்கு?" என்றான் தன்ராஜ்.

"உனக்குத் தாடி நல்லா இருக்கு."

தன்ராஜ் தாடியைக் கழற்றி ஐத்தப்பன் மடியில் எறிந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

பூவப்பர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். ஐத்தப்பன் அதை வாங்கி, தொங்கின நுனியைக் கையில் வைத்துப் பார்த்தான்.

"பூவப்பண்ணா, கத்தி இருக்கா?"

"எதுக்கு?"

"இது எனக்கு நீளம்."